துப்பாக்கிக்கு ஒரு மூக்குத்தி

1967ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 10ஆம் தேதி, கார்த்திகையின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். விடியலில் பெய்த தூறல் நின்றிருந்தது, வானம் ஈயத் தகடுபோல வயல்களின்மேல் தாழ்ந்து கிடந்தது, காற்று இல்லை. எங்கள் வீட்டுக் கூடத்தில் பித்தளையை அரம் தேய்க்கும் வாசனை பரவிக்கொண்டிருந்தது. கையில் வெகுநேரம் இறுக்கிப் பிடித்திருந்த காசை முகர்ந்து பார்த்தால் ஏறக்குறைய அதே வாசனை வரும். நேரம் எனக்கு எப்படி இவ்வளவு துல்லியமாகத் தெரியும் என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன்: சுவர்க் கடிகாரத்துக்கு வாரம் ஒரு முறை சாவி கொடுப்பது என் வேலை, முக்காலியில் ஏறி நின்று பதினான்கு சுற்றுச் சுற்றி முடித்துக் கீழே பார்த்தபோதுதான் பத்தர் அரத்தைக் கையில் எடுத்தார். அப்போது எனக்குப் பதினொரு வயது நான்கு மாதம்.

எங்கள் ஊர் குடவாசலிலிருந்து ஐந்து மைல். அப்பாவுக்கு ஒன்றே முக்கால் வேலி நிலம், அதாவது முப்பத்தைந்து மா, இன்றைய கணக்கில் பதினொன்றரை ஏக்கர். அது பெரிய மிராசு அல்ல. பெரிய மிராசுகளுக்கு இருந்த ஆள்பலமும் எங்களுக்கு இல்லை, நாலு மா வைத்துக்கொண்டு தானே சேற்றில் இறங்கியவர்களுக்கு இருந்த நிம்மதியும் இல்லை. ஆட்சி மாறி ஒன்பது மாதம் ஆகியிருந்தது. தாலுகா ஆபீஸ் வாசலில் புதுக் கரை வேட்டிகள் நடமாடின. வயல் வரப்புகளிலோ அதற்கும் முன்பிருந்தே சிவப்புக் கொடி நட்டிருந்தது. கலத்துக்கு அரைப் படி கூலி கூடக் கேட்டு ஊர் ஊராக அறுப்பு நின்றது. பக்கத்து ஊரில் ஒருவருடைய வைக்கோல்போர் எரிந்தது. யார் வைத்த தீ என்று இன்றுவரை தெரியாது. அப்பா அந்தச் சாம்பலைப் போய்ப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து பீரோவில் கிடந்த ரிவால்வரைத் தினம் ஒருமுறை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார்.

அது ஆறு குண்டு போடும் பழைய ரிவால்வர். தஞ்சாவூரில் வேலையிலிருந்து ஓய்வுபெற்றுப் போன ஓர் அதிகாரியிடமிருந்து மூன்று வருஷத்துக்கு முன், லைசென்ஸ் எடுத்துக்கொண்டு வாங்கியது. குழலின் நுனியில் மேல்பக்கம் குறி பார்ப்பதற்காக மெல்லிய தகடு ஒன்று நிமிர்ந்து நிற்கும். பின்பக்கம் உள்ள பிளவு வழியாக அந்தத் தகட்டின் தலையைப் பார்த்துச் சுட வேண்டும். எங்கள் வீட்டில் அதற்கு ‘மூக்கு’ என்று பெயர். மொத்தத் துப்பாக்கியும் கறுப்பு, மூக்கும் கறுப்பு. அப்பாவுக்கு அப்போதே கண்புரை தொடங்கியிருந்தது. ஐப்பசி மாதம் ஒரு மாலை வாய்க்காலுக்கு அக்கரையில் பனைமரத்தின் அடியில் ஒரு பழைய பானையை வைத்துச் சுட்டுப் பார்த்தார். ஆறு குண்டு, ஆறும் எங்கோ போயின. பானை அப்படியே உட்கார்ந்திருந்தது. “கரி மேல கரிய வச்சுப் பாக்கற மாதிரி இருக்கு” என்று அப்பா சொன்னார். அவர் குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது.

ஆகவேதான் பத்தர் வரவழைக்கப்பட்டார். குடவாசலில் நகை செய்துகொண்டிருந்தவர். தங்கத்துக்குச் சட்டம் போட்ட நாளிலிருந்து பிழைப்புக் குறைந்து, மூக்குக் கண்ணாடிக் கம்பி, பூட்டு, குழந்தைகளின் கிலுகிலுப்பை என்று கிடைத்ததையெல்லாம் பற்றவைத்துக்கொண்டிருந்தார். ரிவால்வரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“மூக்கு நுனியில பித்தளைல ஒரு பொட்டு வச்சுட்டா பளிச்சுன்னு தெரியுங்க. மசங்கின பொழுதுலயும் தெரியும்” என்றவர், சிரித்தார். “இத்தினி வருஷத்துல எத்தினியோ பொண்ணுங்களுக்கு மூக்குத்தி பண்ணியிருக்கேன். துப்பாக்கிக்குப் பண்றது இதான் மொதத் தடவ. நாள் பாக்க வேணாங்களா?”

“ஞாயித்துக்கெழம ராகுகாலம் நாலரைக்குத்தான். ஆரம்பிங்க பத்தரே.”

ஆனால் பத்தரிடம் தடித்த பித்தளை இல்லை. கொண்டு வந்திருந்தது மெல்லிய தகடு. அரம் பட்டால் கரைந்துவிடும் என்றார். அப்பா சமையலறைப் பக்கம் திரும்பி, ஓர் உருப்படி கொண்டு வரும்படி அம்மாவிடம் கேட்டார். அம்மா கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

“என் குடத்துல கை வச்சீங்கன்னா நான் இன்னிக்கே எங்க ஊருக்குக் கெளம்பிடுவேன். எல்லாத்துலயும் எங்கப்பா பேரு வெட்டியிருக்கு. ஒங்க அம்மா சொம்பு ஒண்ணு பரண்ல இருக்குல்ல? அத அறுங்க.”

“அது செம்புடி.”

“அப்ப அதுக்கு நான் என்ன பண்றது?”

அப்பா என் பக்கம் திரும்பி, “களத்து மரக்கால எடுத்துட்டு வா” என்றார்.

இன்று பலருக்கு மரக்கால் தெரியாது. எங்களுடையது இரும்புத் தகட்டில் செய்து, வாயைச் சுற்றி வெளிப்பக்கம் தடித்த பித்தளைப் பட்டை போட்டது. இரண்டு படி கொள்ளும். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். சட்டப்படி லிட்டர் வந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தாலும் களத்தில் மரக்கால்தான் ஓடியது. அதற்குக் காரணம் பட்டையின் ஓரிடத்தில் மற்ற இடங்களைவிடப் புடைப்பாக இருந்த ஒரு வில்லை. அதில் வெள்ளைக்காரன் காலத்துச் சர்க்கார் முத்திரை அடித்திருந்தது: ஒரு கிரீடம், அதன்கீழ் நான்கு எண்கள். அளவு சரியானது என்பதற்கு அதுதான் சாட்சி.

அந்த முத்திரையை எங்கள் வீட்டில் யாரும் கவனித்ததில்லை. கவனித்தவர் முத்தையன். எங்கள் வயலில் அறுக்க வரும் இருபத்திரண்டு பேருக்கும் அவர்தான் தலை. களத்தில் நெல் அளப்பதும் அவர்தான். கிழக்கு முகமாக உட்கார்ந்து, மரக்காலை மடியில் வைத்து, வலது கட்டை விரலால் விளிம்பை ஒரு சுற்றுத் தடவுவார். முத்திரை தட்டுப்படும் இடத்தில் விரல் நிற்கும். அந்த விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு முதல் மரக்காலை அள்ளிப் போடுவார். முதல் மரக்காலை ஒன்று என்று எண்ணுவதில்லை, ‘லாபம்’ என்றுதான் சொல்வார்கள். அதன்பிறகுதான் ரெண்டு, மூணு. அவருக்கு எழுத்து தெரியாது. கிரீடத்தையும் நான்கு எண்களையும் விரலால் படித்துவைத்திருந்தார். அவருக்கு அப்போது நாற்பது வயதிருக்கும்; நான் அவரை “முத்தையா, இங்க வாடா” என்றுதான் கூப்பிடுவேன். கணக்கு எழுத உட்கார்ந்தால் இதையும் எழுதத்தான் வேண்டும்.

மரக்காலை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். பத்தர் பட்டையைச் சுற்றிலும் நகத்தால் தட்டிப் பார்த்து, “இந்த எடந்தான் நல்ல தடிமன்” என்று முத்திரைமேல் விரலை வைத்தார். நான் மரக்காலை இரண்டு முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிப் பிடித்துக்கொள்ள, சிறு ரம்பத்தால் வில்லையை வெட்டி எடுத்து, வெட்டிய இடத்தை வழவழவென்று அராவிவிட்டார். அப்பா குனிந்து பார்த்தார். “உள்பக்கம் ஒண்ணும் கொறையல இல்ல?” என்று ஒருமுறை கேட்டார். குறையவில்லை என்றதும் நிமிர்ந்துகொண்டார். அந்த வில்லையில் நெல்மணியின் பருமனுக்கு ஒரு துண்டு மூக்கின் தலையில் ஏறியது; மிச்சம் தூளாகப் போயிற்று. பத்தர் குழலை ஜன்னல் பக்கம் நீட்டிக் காட்டினார். அந்த ஈய வெளிச்சத்திலும் அது ஒரு பொட்டுத் தீயைப் போலத் தெரிந்தது. அப்பா பல மாதங்களுக்குப் பிறகு சிரித்தார்.

பத்தர் கூலியை இடுப்பில் செருகிக்கொண்டு போகும்போது வாசலில் நின்று சொன்னது: “மூக்கு கொஞ்சம் ஒசந்திருக்குங்க. ரெண்டு தடவ சுட்டுப் பாத்துட்டுச் சொல்லியனுப்புங்க. வேணுங்கற அளவுக்கு அராவிடலாம்.”

“ஒரு தோட்டா ஒண்ணரை ரூவா பத்தரே. பானையச் சுட்டு என்ன ஆவப் போவுது?”

அப்பா சுட்டுப் பார்க்கவில்லை.

அந்த வருஷம் தாலுகா ஆபீஸில் உட்கார்ந்து பேசி, கலத்துக்குக் கால் படி கூடுதல் என்று முடிவாயிற்று. தை பிறந்ததும் அறுப்பு தொடங்கியது. இருபத்து நான்கு மா அறுத்து, அடித்துத் தூற்றிய நெல் களத்தில் பொலியாகக் குவிந்துவிட்டது. பதினொரு மா நின்றது. பிப்ரவரி 4ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் பதினொரு மணிக்குக் கூலி அளக்க உட்கார்ந்தார்கள். அறுத்த எல்லாருக்கும் அன்றுதான் முதல் அளவு. முத்தையனின் மகள் தமிழ்ச்செல்வி, என்னைவிட ஒரு வகுப்பு மேலே படித்தவள், அறுத்த வயலில் பொறுக்கிய கதிர்களைச் சிறு கூடையில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றாள்.

முத்தையனின் கட்டை விரல் விளிம்பைச் சுற்றியது. நிற்கவில்லை. இன்னொரு சுற்று போயிற்று. மூன்றாவது சுற்றை மிக மெதுவாகச் சுற்றினார்.

“ஐயா, இது நம்ம மரக்காலுதானா?”

“பின்ன யாரு வீட்டுது? அடியில பள்ளம் இருக்கு பாரு, போன வருஷம் நீ கீழ போட்டது.”

“பள்ளம் இருக்குங்க. முத்திரையத்தான் காணும்.”

அப்பாவுக்குக் காது மடல் சிவந்ததை நான் பார்த்தேன். எட்டு வாரமாக அவர் இதை நினைக்கவே இல்லை. அவருக்கு முத்திரை என்பது ஒரு தடித்த பித்தளை, அவ்வளவுதான். கூட்டத்திலிருந்து ஓர் இளவட்டம், “முத்திரைக்குக் காலு மொளச்சு மிராசுதாருங்க சங்கத்துல போயிச் சேந்துடுச்சு போல” என்றது. பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு அது முடிந்திருக்கலாம்.

அப்பா கடைக்கு ஆள் அனுப்பிப் புது லிட்டர் அளவை ஒன்றை வரவழைத்தார். எல்லார் முன்னிலையிலும் மரக்காலை நிரப்பித் தலை தட்டி, அந்த நெல்லை லிட்டரால் அளந்து பார்த்தார்கள். அப்படி மூன்று தடவை. மூன்று தடவையும் கணக்குச் சரியாக இருந்தது.

“பாத்தியா? ஒரு மணி கொறையல. அள.”

“அளவு சரிதாங்க” என்றார் முத்தையன். “நான் அதக் கேக்கல. முத்திரைய எதுக்கு எடுத்தீங்க?”

“எடுக்கல. விழுந்துடுச்சு.”

“விழுந்த எடத்துல அரம் போட்ட தடம் இருக்குமாங்க?”

அப்பா மரக்காலின் விளிம்பையே பார்த்துக்கொண்டு நின்றார். எண்ணிப் பார்க்கும் பழக்கம் எனக்கு அப்போதே உண்டு. மனதுக்குள் இருபத்தெட்டுவரை எண்ணினேன். என் அப்பாவைத் திருடன் என்று இருபத்திரண்டு பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது மட்டும்தான் எனக்கு விளங்கியது. அவர் திருடன் இல்லை என்பது எனக்குத் தெரியும். அது எங்கே இருக்கிறது என்றும் தெரியும். இருபத்தொன்பதில் நான் சொல்லிவிட்டேன்.

“அத யாரும் திருடல. அப்பா துப்பாக்கி மூக்குலதான் இருக்கு. நல்லாத் தெரியணும்னு பத்தர் வச்சாரு.”

களத்தில் நெல் கொத்த வந்த குருவிகளின் சத்தம் அதன்பிறகுதான் எனக்குக் கேட்டது. முத்தையன் என்னைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். அவருக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. ஏதோ ஒரு கணக்கு முடிவாகப் புரிந்துவிட்டவர்போல இருந்தார்.

“எங்களக் குறி பாக்க எங்க கூலி மரக்காலுதான் கெடச்சுதுங்களா? ஒங்க வீட்டுல வேற பித்தளயே இல்லியா?”

எழுந்து மரக்காலைப் பொலியின்மேல் கவிழ்த்து வைத்தார். களத்தில் யாரும் மரக்காலைக் கவிழ்ப்பதில்லை. அதைப் பார்த்த பெண்களில் ஒருத்தி வாயில் கை வைத்துக்கொண்டாள். பிறகு அவர் நடந்தார். அவர் பின்னால் இருபத்தொரு பேரும் போனார்கள். அன்றைய கூலியை யாரும் தொடவில்லை. தமிழ்ச்செல்வி தன் கூடையைச் சாய்த்து, பொறுக்கிய கதிர்களைப் பொலியோரம் கொட்டிவிட்டுப் போனாள்.

பதினொரு மா முற்றி நின்றது. தலை சாய்ந்து, தொட்டால் மணி உதிரும் பதம். அம்மா நாளைக்கு நான்கு தடவை சொன்னாள், “ஒரு நடை போயி ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க” என்று. எங்கள் வீட்டிலிருந்து அவர்கள் தெருவுக்கு அறுநூற்று நாற்பது அடி. நான் நடந்து எண்ணியிருக்கிறேன். அப்பா ஒவ்வொரு தடவையும் ஒரே பதிலைத்தான் சொன்னார்: “என்னன்னு போயிச் சொல்றது?” அது சாக்கு அல்ல என்று எனக்கு இப்போது தெரிகிறது. திருடினேன் என்றால் மன்னிப்புக் கேட்கலாம். அவர் செய்ததற்கு அவரிடம் ஒரு வார்த்தை இல்லை. திருட்டு இல்லை என்று நான் நிரூபித்த உண்மை திருட்டைவிடக் கேவலமானதாக இருந்தது.

பிப்ரவரி 11, மறு ஞாயிறு. மிராசுதாரர்களின் சங்கத்தினர் கிழக்கே எங்கிருந்தோ பதினான்கு பேரை அறுப்புக்கு அழைத்து வந்தார்கள். காவலுக்கு இரண்டு போலீஸ்காரர்கள். வெயில் ஏறும் முன் டீ குடித்துவிட்டு வருவதாகக் குடவாசல் சாலைக்குப் போய்விட்டார்கள். அப்பா வேட்டி மடிப்பில் ரிவால்வரைச் செருகிக்கொண்டு கிளம்பியபோது அம்மா என்னையும் உடன் அனுப்பினாள். “புள்ள பக்கத்துல நின்னா கையை நீட்ட மாட்டாரு” என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் அவள் சொன்னது என் காதில் விழுந்தது. நான் அப்பாவின் இடது கையைப் பிடித்துக்கொண்டுதான் வரப்பில் நின்றேன். காலை ஏழு மணி முப்பத்தைந்து நிமிடம். பனி விலகி, எங்கள் முதுகுப் பக்கமிருந்து வெயில் அடித்தது.

எதிர் வரப்பில் அவர்கள் வந்து நின்றார்கள். கையில் அரிவாள் இல்லை. இதை நான் சத்தியமாகச் சொல்வேன். முன்னால் முத்தையன், அவருக்குப் பின்னால் மற்றவர்கள், கடைசியில் பெண்கள். அவர் வெளியூர் ஆட்களைப் பார்த்து, “அண்ணே, எங்க கூலி இன்னும் களத்துலயே கெடக்கு. அது அளந்து முடியாம நீங்க அறுக்காதீங்க” என்றார். வெளியூர்க்காரர்கள் நிமிர்ந்து நின்றுவிட்டார்கள். பதினான்கு அரிவாள்களும் ஓய்ந்தன. முத்தையன் வரப்பைவிட்டு வயலில் ஓர் அடி வைத்தார்.

அப்பா ரிவால்வரை எடுத்தார். வெயில் பட்டு அந்தப் பித்தளைப் பொட்டு என் கண்ணைக் கூசச் செய்தது. “மேல சுடறேன்” என்று அப்பா எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். “தலைக்கு ஒரு மொழம் மேல.” அதுவே அவர் என்னைச் சமாதானப்படுத்தப் பேசிய கடைசிப் பேச்சு.

குண்டு முத்தையனின் வலது கன்னத்தில் பட்டது. தஞ்சாவூர் போகும் வழியில், பாதி தூரம்கூடக் கடக்காமல், அவர் உயிர் போய்விட்டது. வரப்பில் அப்பா வெகுநேரம் ரிவால்வரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “மேலதானே... மேலதானே பாத்தேன்” என்றார். நான் அவர் கையை எப்போது விட்டேன் என்று எனக்கு நினைவில்லை. கணக்கில் எழுத முடியாமல் போனது அது ஒன்றுதான்.

வழக்கு ஒன்றே கால் வருஷம் நடந்தது. எங்கள் வக்கீல் என்னை ஒருமுறை கூப்பிட்டு நடந்ததைக் கேட்டார். நான் சொல்லி முடித்ததும் அப்பாவிடம், “உண்மை பேசற புள்ளய கோர்ட்டுப் பக்கம் கொண்டாராதீங்க” என்றார். என்னைக் கூட்டிப் போகவில்லை. கூட்டம் அரிவாளோடு பாய்ந்து வந்தது என்று மூன்று பேர் சாட்சி சொன்னார்கள். மூவரும் அன்று அந்த வயல் பக்கமே வராதவர்கள். பயத்தில் தற்காப்புக்காகச் சுட்டது என்று அப்பாவை விடுதலை செய்தார்கள். ரிவால்வர் திரும்பி வரவில்லை. விடுதலையாகி வந்த அப்பா, கண்ணுக்கு ஆபரேஷன் செய்துகொள்ளச் சொன்னால், “எதப் பாக்கறதுக்கு?” என்று கேட்பார். நான்கு வருஷத்தில் முழுக்கவே பார்வை போய், 1973இல் இறந்தார். அவர் வேண்டுமென்றே சுட்டார் என்றுதான் ஊர் நம்பியது. அவருக்காகப் பொய்ச் சாட்சி சொன்ன மூவரும் அப்படித்தான் நம்பினார்கள். அவரே கடைசியில் அதைத்தான் நம்பினாரோ என்னவோ.

நான் படித்து, புள்ளியியல் துறையில் சேர்ந்து, முப்பத்து மூன்று ஆண்டுகள் ஊரூராகப் போய் மற்றவர்களுடைய வயலில் கயிறு கட்டி, அறுத்து, விளைச்சலை நிறுத்து எழுதினேன். ஓய்வுபெற்ற பிறகு ஒருநாள் அப்பாவின் டிரங்குப் பெட்டியில் வழக்குக் கட்டைப் பிரித்தேன். அதில் ஆயுதத்தைச் சோதித்த அறிக்கையின் நகல் இருந்தது. மூக்கின் தலையில் பித்தளை சேர்த்து உயர்த்தப்பட்டிருக்கிறது. சேர்த்த உயரம் இரண்டரை மில்லிமீட்டர். மூக்குக்கும் பின்பிளவுக்கும் இடையே நூற்று இருபத்தைந்து மில்லிமீட்டர். நீதிபதி படித்திருக்கிறார், இரண்டு பக்க வக்கீல்களும் படித்திருக்கிறார்கள். ஒருவரும் வகுத்துப் பார்க்கவில்லை. ஐம்பதில் ஒன்று. மூக்கு உயர்ந்தால் குழல் தாழும். ஐம்பது மீட்டர் போனால் குண்டு ஒரு மீட்டர் கீழே இறங்கும். மறுநாளே ஊருக்குப் போய் அந்த இரண்டு வரப்புகளுக்கும் நடுவே டேப் பிடித்தேன். முப்பது மீட்டர், நாற்பது சென்டிமீட்டர். அறுபத்தொரு சென்டிமீட்டர் இறக்கம். ஒரு முழம் நாற்பத்தைந்து. கழித்தால் பதினாறு. உச்சந்தலையிலிருந்து பதினாறு சென்டிமீட்டர் கீழே, கன்னம்.

அப்பா சொன்னது உண்மை. அவர் மேலேதான் பார்த்தார். பத்தர் சொன்னபடி ஒரே ஒரு தடவை பானையைச் சுட்டுப் பார்த்திருந்தால் போதும். இது எனக்குத் தெரிந்தபோது அப்பா இறந்து நாற்பத்தொரு வருஷம் ஆகியிருந்தது.

இந்தக் கணக்கைச் சொல்ல ஒரே ஓர் ஆள்தான் மிச்சம் இருந்தார். தமிழ்ச்செல்வி தஞ்சாவூரில் ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருந்து, தலைமையாசிரியையாகி, ஓய்வுபெற்றிருந்தார். மாடி வீடு, வாசலில் மருமகளின் ஸ்கூட்டி. என்னை உட்காரச் சொல்லி, காப்பி கொடுத்து, நான் கொண்டுபோன தாளை வாங்கி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். பதினொரு நிமிடம் ஆயிற்று. ஒரு பென்சிலை எடுத்து ஓரத்தில் தானும் ஒருமுறை வகுத்துப் பார்த்தார்.

“கணக்கு சரிதாங்க” என்றார்.

எனக்கு மூச்சு வந்தது. அவர் தாளை நான்காக மடித்து என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

“அளவு சரிதான்னு எங்க அப்பாவும் அன்னிக்குச் சொன்னாரு. அவரு கேட்டது அது இல்லீங்களே.”

நான் பஸ் ஏறி வந்துவிட்டேன்.

அந்தக் களம் இருந்த இடத்தில் இப்போது நெல் கொள்முதல் நிலையத்தின் தார்ப்பாய் மூட்டைகள் அடுக்கியிருக்கின்றன. மின்தராசில் எடை போட்டு, ஈரப்பதம் பார்க்க ஒரு கருவியைச் செருகுகிறார்கள். யாரும் எதையும் தடவிப் பார்ப்பதில்லை, முதல் மூட்டையை ‘லாபம்’ என்று யாரும் சொல்வதில்லை. அறுக்க மிஷின் வருகிறது. இரண்டு வரப்பில் ஒன்றை வெட்டி வயலோடு சேர்த்துவிட்டார்கள். நான் அளந்த முப்பது மீட்டரை இனி யாரும் அளக்க முடியாது. ரிவால்வரை அரசாங்கம் உருக்கியிருக்கும். அதோடு அந்தக் கிரீடத்தில் மிஞ்சியிருந்த துணுக்கும் போயிருக்கும். மரக்கால் மட்டும் என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. எப்போதாவது எடுத்து விளிம்பில் கட்டை விரலை ஓட்டுவேன். விரல் எங்கும் நிற்காது.

அப்பாவுக்கு அந்த மூக்குத்தி என்ன செலவு வைத்தது என்று எழுதி வைத்திருக்கிறேன். பத்தர் கூலி ஒன்றேகால் ரூபாய். பானையைச் சுட்ட ஆறு தோட்டா ஒன்பது ரூபாய். ஏழாவது தோட்டா ஒன்றரை ரூபாய். அறுக்க ஆளின்றி மழையில் சாய்ந்து முளைத்துப் போன பதினொரு மா, நூற்றுப் பத்துக் கலம், ஆயிரத்து எழுநூற்று அறுபது ரூபாய். வக்கீல், ஜாமீன், சாட்சிகள், போக்குவரத்து, நகல், இவற்றுக்காக விற்றது இருபத்தொரு மா நிலம். செலவானது இருபத்தொன்பதாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய். முத்தையனின் பெயரில் எந்தத் தொகையும் இல்லை. அவர் வீட்டுக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை, அவர்கள் விட்டுப்போன கூலி நெல்லைக்கூட. ஆக மொத்தம், முப்பத்தோராயிரத்து நானூற்றுப் பதினொரு ரூபாய் எழுபத்தைந்து பைசா.